காசு கொடுத்துவிட்டால் லேபிள் நம்முடையதா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வீட்டு மசாலாவும் ஊறுகாயும் செய்து விற்கிறேன். 2019-ல் என் சித்தி மகன் 6,500 ராண்டு வாங்கிக்கொண்டு, எங்கள் ஆயாவின் முகம் வைத்து லேபிள் வடிவமைத்துத் தந்தான். இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட் எங்கள் சரக்கை எடுக்கத் தயார். லேபிளின் முழு உரிமையும் எங்களுடையது என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். சேதி தெரிந்ததும் தம்பி 45,000 கேட்கிறான். கொடுக்காவிட்டால் வெக்டர் ஃபைலும், அதாவது லேபிளின் மூலக் கணினிக் கோப்பும், கிடையாதாம். எங்கள் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன். ரசீது வைத்திருக்கிறேன். “எல்லாம் உனக்குத்தான் அக்கா” என்று வாட்ஸ்அப்பில் அவன் எழுதியதும் இருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் தம்பியின் நன்றிகெட்டதனம். அதைச் சித்தியிடம் சொல்லுங்கள், கோயில் திருவிழாவில் நாலு பேர் முன்னால் கேளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நீதிபதிக்கு அது வேண்டாம். அவர் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: உரிமையை உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்று தம்பி கையெழுத்துப் போட்ட காகிதம் உண்டா? இல்லை. அப்படியானால் லேபிளின் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட், பெரும்பகுதி இன்னும் அவரிடம்தான்.

ரசீது நீங்கள் பணம் கொடுத்ததை மட்டும் காட்டும். நம் நாட்டில் 1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வைத்த ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் முதலாளிக்குப் போகும். உங்கள் தம்பி ஊழியர் இல்லை. காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை போகும் விதிவிலக்கு ஒன்று 21-ஆம் பிரிவில் இருக்கிறது. அது ஃபோட்டோ, ஒருவரின் உருவப்படம், செதுக்குப் படம், சினிமா, ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு மட்டும். லோகோ அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் ஆயாவின் முகம் உருவப்படம்! கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய லேபிளைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி, முக்காடு போட்ட வெள்ளைச் சேலை, சுற்றிலும் பொன்னிறப் புள்ளிக்கோல ஓரம், கீழே வளைந்த எழுத்து. அந்த முகம் மட்டும் உங்கள் உரிமை என்று நான் வாதாட முடியும். ஓரமும் எழுத்தும் மொத்த அமைப்பும் உங்களுடையவை என்று வாதாட வழியில்லை. சூப்பர்மார்க்கெட்டுக்கு வேண்டியது முழு லேபிள். ஆக, இந்த வாதம் பேரம் பேசும்போது கையில் இருக்கட்டும், வழக்குக்குப் போதாது.

அவர் லேபிளைப் பயன்படுத்தவே விடமாட்டேன் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். இத்தனை ஆண்டு அவர் கண்முன்னே உங்கள் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டில் விற்றிருக்கிறீர்கள், காசும் வாங்கியிருக்கிறார். அந்த நடத்தையே பயன்படுத்த அனுமதி என்று சட்டம் ஏற்கும். அனுமதி வேறு, உரிமை வேறு. சூப்பர்மார்க்கெட் கேட்பது இரண்டாவது. ஃபைலும் தனிக்கதை. தருவதாக முன்பே பேசியிருந்தால் ஒழிய, வெக்டர் ஃபைலை ஒப்படைக்கும் கடமை அவருக்கு இல்லை.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்தி. எத்தனை பேர் இதைக் கையில் வைத்துக்கொண்டு என் அலுவலகப் படியேறியிருக்கிறார்கள், கணக்கே இல்லை. உரிமை மாற்றம் எழுத்தில், மாற்றித் தருபவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 22-ஆம் பிரிவு. 2014-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் மின்னஞ்சலின் கீழே தட்டச்சு செய்த பெயரைக் கையெழுத்தாக ஏற்றதே என்று ஒரு கட்சிக்காரர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அந்த வழக்கில் கையெழுத்து வேண்டும் என்பது இரு தரப்பும் தாங்களே போட்டுக்கொண்ட நிபந்தனை. சட்டமே கையெழுத்துக் கேட்கும் இடத்தில், 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் அங்கீகாரம் பெற்ற உயர்வகை மின்கையெழுத்தை மட்டும்தான் ஏற்கிறது. சாதாரண ஆப்பில் விரலால் கிறுக்குவது அந்த வகை அல்ல. பேனா எடுத்து, மையில் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்தது.

சரி, கையெழுத்து வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யாருடையது? மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கோல ஓரத்தைத் தம்பிக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண் வரைந்து கொடுத்தாள், அவளுக்குத் தனியாக 800 கொடுத்தான். அம்மா, நீங்கள் எழுதிய நாலு பக்கத்தில் முக்கியமான வரி அதுதான். அந்த ஓரம் தம்பியுடையதும் இல்லை. அவள் அவருடைய ஊழியர் இல்லை என்றால், உரிமை அவளிடம். தம்பி ஆயிரம் கையெழுத்துப் போட்டாலும் தன்னிடம் இல்லாததைத் தர முடியாது.

ஒரு பலகாரக் கடைக்காரருக்கு இதுதான் நடந்தது. டிசைனரிடம் ஒழுங்காகப் பத்திரம் வாங்கினார், அட்டைப்பெட்டி அச்சடித்தார், பெரிய கடைகளில் வைத்தார். எழுத்து மட்டும் வேறொருவர் கையால் வரைந்தது. அந்த மனிதர் ஒருநாள் கடைவரிசையில் தன் எழுத்தைப் பார்த்தார், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். கடைக்காரர் எனக்குப் போன் செய்தபோது, திருப்பியனுப்பப்பட்ட பெட்டிகள் அவர் கராஜில் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. பெட்டிக்கு ஆன செலவுகூடப் பெரிதில்லை. சூப்பர்மார்க்கெட் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: உரிமைத் தகராறு எதுவானாலும் சப்ளையரே முழு நஷ்ட ஈடும் தர வேண்டும், அவர்களுடைய வக்கீல் செலவு உட்பட. அதே வரி உங்கள் ஒப்பந்தத்தின் உள்ளேயும் இருக்கும், தேடிப் பாருங்கள். உரிமை கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போட்டால், இல்லாத ஒன்றுக்கு உத்தரவாதம் கொடுத்து, வரப்போகும் செலவையும் உங்கள் தலையில் நீங்களே ஏற்றிக்கொள்கிறீர்கள்.

இன்னும் இரண்டு. டிரேட்மார்க்கை முந்திக்கொண்டு உங்கள் பெயரில் பதிந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். பதியத்தான் வேண்டும், டிரேட்மார்க் பதிவின் சரக்குப் பட்டியலில் மசாலாவுக்கு 30-ஆம் வகுப்பு, ஊறுகாய்க்கு 29. ஆனால் கையெழுத்து வாங்கிய பிறகு. படத்தின் பதிப்புரிமையை டிரேட்மார்க் பதிவு துடைத்துவிடாது. அதை வைத்தே பதிவை எதிர்ப்பார்கள். அடுத்தது, சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே 20,000 ராண்டு வரைக்கும்தான், அதுவும் பணப் பாக்கி போன்றவற்றுக்கு. உங்களுக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை. வரவேண்டியது கையெழுத்து.

ஆகவே வழக்கு வேண்டாம், பணம் கொடுங்கள். கோபம் வரும், எழுதும்போதே தெரிகிறது. உயர்நீதிமன்றத்தில் கால் வைத்த முதல் மாதத்திலேயே அவர் கேட்பதைவிட அதிகம் எனக்குத்தான் தருவீர்கள், கடைசியில் தோற்கவும் வாய்ப்பு நிறைய. பதிப்புரிமை வரைந்தவர் காலத்துக்குப் பின்னும் 50 ஆண்டு ஓடும். இன்று முடிக்காவிட்டால் அவர் பேரப்பிள்ளைகளோடு உங்கள் பேரப்பிள்ளைகள் பேரம் பேசுவார்கள். 20,000-ல் தொடங்குங்கள். முகம் உங்களுடையது என்ற வாதத்தை அப்போது எடுத்து வையுங்கள். 30,000-க்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு முடியுங்கள். கையெழுத்தும் வெக்டர் ஃபைலும் ஒரு கையில் வந்தால் பணம் மறு கையில் போகட்டும், முன்பணம் கூடாது. எழுத்துருவுக்கு வணிக லைசென்ஸ் இருக்கிறதா என்று அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம் உங்கள் கம்பெனி பெயரில் என்றால் உரிமையும் கம்பெனி பெயருக்கே மாறட்டும். நிறத்தை மாற்றினீர்கள் என்று அவருக்கு மனத்தாங்கல் இருக்கிறதாமே, அதற்கும் ஒரு வரி பத்திரத்தில் சேர்த்துவிடலாம்.

அப்புறம், அந்தக் கல்லூரிப் பெண்ணின் தொலைபேசி எண்ணைத் தம்பியிடம் இன்றே வாங்குங்கள், பணப் பேச்சைத் தொடங்கும் முன்பே. பேரம் கசந்தபின் அவர் தரமாட்டார்.