அளவாகக் குடிப்பது கிறிஸ்தவ விசுவாசத்துக்கு முரணா?

மாதம் ஒருமுறை நண்பர்களோடு இரண்டு பெக் போடுகிறேன், ஞாயிறு ஆராதனையையும் விடுவதில்லை, இது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பைபிளை மட்டும் வைத்துப் பார்த்தால் பாவம் என்று சொல்ல முடியாது. வெறிகொள்வதைத்தான் அது கண்டிக்கிறது. ஆனாலும் நான் குடிப்பதில்லை. நான் போதகர் இல்லை. தாராபுரம் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, ஈரோட்டில் கடை வைத்துப் பிழைக்கிறவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினார் என்று பைபிளில் ஒரு கதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, அவர் உண்டாக்கியது வெறும் பழச்சாறு என்று. தமிழில் அதை நம்புவது சுலபம். 'திராட்சரசம்' என்றால் நம் காதுக்கு ஜூஸ்தானே? ஆனால் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஓய்னோஸ் என்ற சொல், அதாவது ஒயின். எபேசியர் 5:18-இல் 'மதுபான வெறிகொள்ளாமல்' என்று வருகிறதே, அங்கே இருப்பதும் அதே ஓய்னோஸ்தான். கல்யாண வீட்டில் ரசம், கண்டிக்கிற இடத்தில் மதுபானம் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு பிரித்துவிட்டது. அந்தக் கல்யாணத்தில் விருந்தை மேற்பார்த்த பந்திவிசாரிப்புக்காரன் பேச்சில் 'ஜனங்கள் திருப்தியடைந்தபின்பு' என்று மரியாதையாக வருகிற இடத்திலும் மூலத்தில் உள்ள வினை போதையேறுவதைத்தான் சொல்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கிரேக்கத்தைவிட எங்கள் அப்பாரு தோட்டத்துப் பனைமரம்தான் உதவியது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் தெளுவு, அதாவது பதநீர். தடவாவிட்டால் அதே பாளை, அதே முட்டி, கள். யாரும் எதையும் கலக்க வேண்டாம், தானே புளித்துவிடும். திராட்சையும் அப்படித்தான். அந்த நாட்டில் திராட்சை அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். கானாவூர்க் கல்யாணமோ யூதர்களின் பஸ்கா பண்டிகை நெருங்குகிற நேரம், அதாவது மார்ச், ஏப்ரல். ஆறு மாதம் புளிக்காமல் சாறு எப்படி இருக்கும்? சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாட்டிலில் அடைக்கிற வழியை அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட்காரர் 1869-இல்தான் செய்து காட்டினார், அதுவும் திருவிருந்துக்காகவே. கொரிந்து ஊர்ச் சபையிலோ கர்த்தருடைய பந்தியிலேயே, அதாவது திருவிருந்திலேயே, 'ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று அப்போஸ்தலன் பவுல் தன் கடிதத்தில் திட்டுகிறார். ஜூஸ் குடித்தா வெறி வந்தது? கத்தோலிக்கர்களுக்கு இந்தச் சங்கடமே இல்லை. திருப்பலிக்கு உண்மையான திராட்சை மதுதான் வேண்டும் என்பது அவர்கள் சபைச் சட்டம்.

(கடையில் பிராந்தி விற்கலாம், தோட்டத்தில் கள் இறக்கக் கூடாது என்பது இன்னொரு கூத்து. அதைப் பற்றி எங்கள் ஊர் விவசாயிகளிடம் கேளுங்கள், பொழுது போவதே தெரியாது.)

சரி, அப்படியானால் இரண்டு பெக் தப்பில்லையே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். தன் சீடர் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறுக்காகப் பவுல் சொன்னது 'கொஞ்சம் திராட்சரசம்'. அந்தக் காலத்தில் அதிலும் தண்ணீர் கலந்து குடிப்பது வழக்கம். டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம். பெரிய பெக் 60 மில்லி என்றால் இரண்டு பெக்கில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 51 மில்லி. 12 சதவீத ஒயினில் அது வேண்டுமென்றால் 400 மில்லிக்கு மேல் குடிக்க வேண்டும். அதுவும் உட்கார்ந்த இடத்திலேயே. இதைப் பவுலின் 'கொஞ்சம்' கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. அப்புறம், எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது.

நம் சபைகளில் குடி என்றாலே 'பின்வாங்கிப் போய்விட்டான்', அதாவது விசுவாசத்தை விட்டு விலகிவிட்டான், என்று பேசுவதை நீங்கள் பழைமைவாதம் என்று நினைக்கலாம். மிஷனரிகள் கொண்டுவந்த மதுவிலக்குக் கொள்கை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கொங்கு மண்ணுக்கென்றும் ஒரு காரணம் இருந்தது. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். 1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கூலி வீடு வந்து சேராத வீடுகளைப் பார்த்துத்தான் இதெல்லாம் நடந்தது.

நான் நிறுத்தியதற்குக் காரணம் ஒரு டம்ளர். அக்கா வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவாள். பன்னீர் திராட்சையைக் கையால் பிசைந்து, சர்க்கரை, கிராம்பு, பட்டை, ஒரு கைப்பிடி கோதுமை சேர்த்து, பீங்கான் ஜாடியில் வேடு கட்டி 21 நாள் வைப்பாள். அவள் வீட்டுக்காரர், என் மச்சான், ஒரு காலத்தில் மோசமான குடிகாரர். ஆஸ்பத்திரி வரைக்கும் போய், விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் சாயங்காலம் கேக்கோடு எல்லோருக்கும் அரை டம்ளர் வந்தது. அவருக்கும் வந்தது, 'வீட்டு ஒயின்தானே' என்று. மச்சான் டம்ளரின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து கொல்லைக்குப் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு டம்ளரை இரண்டு தடவை கழுவினார்.

"ஒரு வாய்கூட வைக்கல மாப்பிள்ளை. ஆனா வாசம் மூக்குலயே நிக்குது. இன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல."

ரோமர் 14:21-ஐ நான் மனப்பாடமாகச் சொல்லுவேன், பரிசுகூட வாங்கியிருக்கிறேன். உன் சகோதரன் இடறுவதற்கு ஏதுவானால் மதுபானம் பண்ணாமலிருப்பதே நன்மை என்கிற வசனம். அந்தச் சகோதரன் எங்கள் வீட்டுக் கொல்லையில் டம்ளர் கழுவிக்கொண்டு நிற்பார் என்று அன்றுவரை தோன்றியதே இல்லை. என் கையில் அப்போது என் டம்ளர் இருந்தது. பாதி காலி.

அதனால் உங்களிடம் பாவமா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உங்களோடு மாதம் ஒருமுறை உட்காருகிற அந்த நண்பர்களில் யாராவது, வீடு போன பிறகும் தனியாகத் தொடருகிறாரா என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள்.

அக்கா இப்போது அந்த ஜாடியில் எலுமிச்சங்காய் ஊறுகாய் போடுகிறாள்.