தொடாத அறுபது கேம்களும் முன்பதிவு செய்த ஒன்றும்

கேள்வி: நான் அலுவலகப் பணியில் இருப்பவன்; சனி, ஞாயிறு இரவுகளில் இரண்டிரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவேன். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் எனக்குள்ள கணக்கில் தள்ளுபடியில் வாங்கிய கேம்கள் எழுபதுக்கு மேல் இருக்கின்றன, முடித்தவை எட்டு. இந்நிலையில் அடுத்த மாதம் வரவிருக்கும் ஒரு பெரிய கேமுக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் கட்டி முன்பதிவு செய்துவிட்டேன். செய்தது சரியா? விமர்சகர்களும் விளையாடுபவர்களும் நேர்மாறாகப் பேசும்போது யாரை நம்புவது?

பதில்: முதலில் உங்கள் நேரத்தைக் கணக்கிடுவோம். வாரத்துக்கு 4 மணி என்றால் ஆண்டுக்குச் சுமார் 200 மணி. 'விட்சர் 3' போன்ற ஒரு கேமின் முதன்மைக் கதையை மட்டும் முடிக்கவே 50 மணி அளவில் ஆகும் என்பதால், அந்த அளவுள்ள கேம்கள் உங்களுக்கு ஓராண்டுக்கு நான்குதான். 80 சதவீதத் தள்ளுபடியில் வாங்கித் திறக்காமலே வைத்திருக்கும் கேமில் நீங்கள் மிச்சம் பிடித்தது எதுவுமில்லை. மீதி 20 சதவீதத்தைச் செலவழித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். (என் கணக்கிலும் அப்படிக் கிடப்பவை உண்டு, எண்ணிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.) ஸ்டீமில் பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு நான்கு பெரிய தள்ளுபடி விற்பனைகள் நடக்கின்றன. ஆகவே விரும்பியதை விஷ்லிஸ்ட்டில் (விருப்பப் பட்டியலில்) போட்டுவைத்து, கையிலுள்ளதை முடித்த பிறகு, அன்றிரவே தொடங்கப்போகும் கேமை மட்டும் வாங்குவதே உங்களுக்குப் பொருந்தும்.

முன்பதிவு என்பது வட்டாகவும் பெட்டியாகவும் கேம்கள் கடைக்கு வந்து தீர்ந்துபோன காலத்தின் பழக்கம். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் கேம் தீர்ந்துபோவதில்லை. அதோடு, வெளியாகும் நாளில் கிடைக்கும் பதிப்பே பெரும்பாலும் விலை மிக அதிகமானதாகவும் பிழை மிக அதிகமானதாகவும் இருக்கிறது. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தபோது பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களில் (டிவியில் இணைத்து விளையாடும் கருவிகளில்) அது விளையாட முடியாத அளவுக்குத் தடுமாறியதால், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி ஒரே வாரத்தில் அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு ஜூனில்தான் மீண்டும் அனுமதித்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச்சுக்கு (திருத்தப் புதுப்பிப்புக்கு) பிறகு அதே கேமைக் கம்ப்யூட்டரிலோ புதிய கன்சோலிலோ விளையாட வாங்கியவர்களுக்குக் குறைந்த விலையில் நல்ல பதிப்பு கிடைத்தது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடையும் இந்த நிகழ்விலேயே இருக்கிறது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டர் பதிப்பு மட்டுமே தரப்பட்டிருந்ததால், அவர்கள் அளித்த உயர்ந்த மதிப்பெண்கள் பழைய கன்சோல் வைத்திருந்தவர்களுக்கு உதவவில்லை. 2022இல் 'எல்டன் ரிங்' வந்தபோதும் விமர்சகர்கள் வடிவமைப்பைக் கொண்டாடிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரில் விளையாடியவர்கள் காட்சி திக்கித் திக்கி ஓடுவதாகக் குறைகூறினர். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கலையைப் பற்றியும் மற்றவர் தம் கருவியில் அது ஓடும் விதத்தைப் பற்றியும் பேசினார்கள். எனவே முதலில் உங்கள் கிராபிக்ஸ் கார்டை (கம்ப்யூட்டரில் காட்சிகளை உருவாக்கும் பாகத்தை) ஒத்த கார்டு வைத்திருப்பவர் சொல்வதைக் கேளுங்கள். ஸ்டீமில் மொத்த மதிப்புரைகளைவிடக் கடைசி 30 நாட்களின் மதிப்புரைகளே இன்றைய நிலையைக் காட்டும். எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்பதும் அங்கேயே தெரியும்.

ரசனையைப் பொறுத்தவரை, பாராட்டைவிடக் குறை சொல்லும் மதிப்புரைகளே அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' மிக மெதுவாக நகர்கிறது என்பது பலரின் புகார். வேலைக் களைப்போடு வந்து குதிரையில் நிதானமாக ஊர்சுற்ற விரும்பும் ஒருவருக்கு அந்தப் புகாரே பரிந்துரையாகிவிடும். விலையும் இப்போது தரத்துக்கு அளவுகோலாக இல்லை. 2020 முதல் பெரிய நிறுவனங்கள் 60 டாலரை 70 ஆக உயர்த்தி வந்திருக்க, 2025இல் 'எக்ஸ்பெடிஷன் 33' 50 டாலருக்கும் 'சில்க்சாங்' 20 டாலருக்கும் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றன.

காத்திருக்கச் சொல்வதற்கு ஒரு விலக்கு உண்டு. நண்பர்கள் சேர்ந்து இணையவழி ஆடும் கேமாக இருந்தால், ஆறு மாதம் கழித்து நீங்கள் நுழையும்போது அவர்கள் வேறு கேமுக்குப் போயிருக்கக்கூடும்; அப்போது முதல் வாரத்திலேயே வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் கட்டிய பணம் போய்விடவில்லை. ஸ்டீமில் நேரடியாக முன்பதிவு செய்திருந்தால், கேம் வெளியாகும்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். வெளியான பின்னும் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பித் தருவார்கள். சிறப்புப் பதிப்புக்காரர்களுக்கு முன்கூட்டியே விளையாடக் கிடைக்கும் நாட்களும் அந்த 2 மணிக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். பிளேஸ்டேஷன் கடையில் இந்தச் சலுகை குறைவு: இறக்கத் தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரமே ரத்து செய்துவிட்டு, தொடாமல் கிடக்கும் அறுபதில் மிகச் சிறியதைச் சனிக்கிழமை தொடங்குவேன்.