தானியங்கிச் சோதனைகள் ஓடும்போது கண்ட இடத்தில் கோப்புகளை எழுதாமல் தடுப்பது எப்படி? கோப்புகளுக்கு 444 அனுமதி (எல்லோருக்கும் படிக்க மட்டும்) கொடுத்தால் போதாதா?

போதாது. நீங்கள் சோதனைகளை டாக்கர் கண்டெய்னருக்குள், அதாவது நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் சூழலுக்குள், ஓட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். வேறு பயனரைக் குறிப்பிடாத வரை அதற்குள் எல்லாம் நிர்வாகப் பயனரான ரூட்டாகவே ஓடும். ரூட்டுக்கு 444 ஒரு பொருட்டே அல்ல. சாதாரணப் பயனராக ஓட்டினாலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஒரு கோப்பை நீக்கவோ, அதன் இடத்தில் வேறொன்றைப் பெயர் மாற்றி வைக்கவோ தேவைப்படுவது அந்தக் கோப்பின் மீதான அனுமதி அல்ல, அது கிடக்கும் கோப்புறையின் மீதான எழுதும் அனுமதிதான். முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் பிறகு பழைய பெயருக்கு மாற்றும் நூலகங்கள் உங்கள் 444-ஐக் கண்டுகொள்ளவே போவதில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், ரசீதுகளை உருவாக்கும் நிரலுக்கான சோதனைகள், உருவான ரசீதை மாதிரிக் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். வடிவத்தை வேண்டுமென்றே மாற்றும்போது மாதிரிகளைப் புதுப்பித்துக்கொள்வதற்காக ஒரு சூழல் மாறி (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) வைத்திருந்தார்கள். அதை யாரோ, சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ அமைப்பிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனையும் விடையைத் தானே எழுதி, தான் எழுதியதோடு தானே ஒப்பிட்டு, தானே தேர்ச்சியும் பெற்றுக்கொண்டிருந்தது. 1,249.50 ரூபாய் 1,250 ஆகும் ரசீதில் ‘ரவுண்ட் ஆஃப்’ வரி 0.50 என்பதற்குப் பதிலாக -0.50 என்று அச்சாகி, ஒரு வாடிக்கையாளர் அதைச் சுட்டிக்காட்டும் வரை எல்லாம் பச்சையாகவே இருந்தது. மாதிரிகளுக்குத்தான் 444 போட்டிருக்கிறோமே என்று குழுவில் அடித்துச் சொன்னார்கள். போட்டுத்தான் இருந்தார்கள், ஓட்டியது ரூட்.

நான் அனுமதிகளைத் தொடவில்லை. தடையை மவுண்ட் அளவில், அதாவது கோப்புறைகள் கண்டெய்னரோடு இணைக்கப்படும் இடத்தில், வைத்தேன். கண்டெய்னரை ‘ரீட்-ஒன்லி’ தெரிவோடு தொடங்கி, மூலநிரல் கோப்புறையையும் தனியாக ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து (முதல் தெரிவு வெளியிலிருந்து இணைக்கப்படும் கோப்புறைகளைக் கட்டுப்படுத்தாது, பலரும் ஏமாறும் இடம் இதுதான்), தற்காலிகக் கோப்புறையை மட்டும் நினைவகத்தில் இருக்கும் டெம்ப்-எஃப்எஸ் ஆக விட்டேன். இப்போது ரூட் எழுத முயன்றாலும் பிழை எண் 30, ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றுதான் வரும். ரூட் மறுபடி மவுண்ட் செய்துகொள்ளலாமே என்று இங்கே ஒருவர் கேட்பார். ‘பிரிவிலெஜ்டு’ என்று திறந்துவிடாத சாதாரண டாக்கர் கண்டெய்னரில் அந்த அதிகாரம் ரூட்டுக்கும் கிடையாது.

முதல் ஓட்டத்திலேயே திரை முழுக்கச் சிவப்பு. மாதிரிகளை மேலெழுதியவை போக, ஹோம் கோப்புறையில் அமைப்புக் கோப்பு வைத்த சோதனையும், மூலநிரலுக்கு நடுவிலேயே லாக் எழுதிய சோதனையும் அகப்பட்டன. இதற்காக எனக்குக் கிடைத்தது ‘பில்டை உடைத்தவர்’ என்ற பட்டம். சூழல் மாறியைப் போட்டுவிட்டுப் போனவருக்கு எந்தப் பட்டமும் இல்லை.

பைதான் என்றால் இடைஞ்சல் குறைவு. நிரலை மொழிபெயர்த்துச் சேமிக்கும் பைட்கோடு கோப்புகளை எழுத முடியாவிட்டால் அது சத்தமின்றிக் கடந்துவிடும். சோதனைக் கருவியான பைடெஸ்ட் தன் கேஷுக்காக ஓர் எச்சரிக்கை மட்டும் தரும். சோதனைகள் நிரலின் எந்த வரிகளைத் தொட்டன என்று பதியும் கவரேஜ் தரவுக் கோப்பை மட்டும் தற்காலிகக் கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள்.

பைஃபேக்எஃப்எஸ் போன்ற போலிக் கோப்பு முறை போதுமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வேகமான யூனிட் சோதனைக்கு அது நல்ல கருவிதான். ஆனால் அது பைதான் அளவில் மட்டுமே இடைமறிக்கிறது. சி மொழியில் எழுதப்பட்ட எஸ்கியூலைட் தரவுத்தள நூலகமும், சோதனை தொடங்கும் துணை நிரல்களும் உண்மையான வட்டில் எழுதிக்கொண்டேதான் இருக்கும். நிரல் செய்வதைக் கவனித்துச் சொல்லும், பைதான் 3.8-இல் வந்த தணிக்கைக் கொக்கிகளுக்கும் (ஆடிட் ஹூக்) இதே வரம்பு உண்டு. எங்கிருந்து எழுதப்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவற்றை நானும் பயன்படுத்துகிறேன், தடுப்பதற்கு அல்ல.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்பவர்கள் லினக்ஸ் தொகுப்புகளை உருவாக்குபவர்களைப் பார்க்கட்டும். தொகுப்புக் கருவியான நிக்ஸ், உண்மையில் இருக்கவே இருக்காத ஒரு பாதையை ஹோம் கோப்புறை என்று காட்டிவிட்டுத்தான் தொகுக்கிறது; ஜென்டூ என்ற லினக்ஸ் வகை, வரம்புக்கு வெளியே எழுதும் முயற்சியை மறுத்து, எந்தப் பாதை என்பதையும் அச்சிட்டுக் காட்டுகிறது.

கண்டெய்னரே இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்றால், 2021-இல் லினக்ஸ் 5.13-உடன் வந்த லேண்ட்லாக் இருக்கிறது. ரூட் அதிகாரம் இல்லாமலே ஒரு நிரல் தனக்கும் தன் துணை நிரல்களுக்கும் எழுதும் இடங்களைக் குறுக்கிக்கொள்ளலாம். ஆனால் லினக்ஸின் கருவான கர்னல் 6.2-க்கு முந்தையதாக இருந்தால் கவனம் தேவை. கோப்பின் நீளத்தைக் குறைக்கும் ‘ட்ரன்கேட்’ அழைப்பை அதுவரை லேண்ட்லாக்கால் தடுக்க முடியாது. உங்கள் மாதிரிக் கோப்பில் யாரும் எழுத முடியாது, ஆனால் அதைக் காலி செய்துவிடலாம்.