ரிட்டையர் ஆன அப்பா அம்மா எஸ்டேட் பட்டணத்துல தனியா இருக்காங்க, நாள் முழுக்க என்னதான் செய்வாங்க?

கேள்வியைப் படிச்சதும் என் மகளே கேட்ட மாதிரி இருந்துச்சு. உங்க அப்பா அம்மா ரிட்டையர் ஆகி எஸ்டேட் பக்கத்து சின்ன பட்டணத்துல ரெண்டே பேரா இருக்காங்க, எப்ப போன் போட்டாலும் "வேலையா இருக்கேன்யா, அப்புறம் பேசுறேன்"னு வச்சிடுறாங்க, வயசான காலத்துல அப்படி என்ன வேலை, பேசாம கேஎல்லுக்கு (கோலாலம்பூர்) கூட்டிட்டு வந்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. நாங்களும் அதே மாதிரி ரெண்டு பேருதான். ஊரு மலேசியாவுல சுங்கை சிப்புட், ஈப்போவுக்கு வடக்கே. நான் தமிழ்ப்பள்ளி டீச்சரா இருந்து 60 வயசுல ஓய்வு வாங்குனேன், வீட்டுக்காரர் செம்பனை (பாமாயில்) மில்லுல பாய்லர் ஓட்டுனவர். அவங்க உங்களைத் தட்டிக் கழிக்கல, நெசமாவே வேலை இருக்கு. எங்க வீட்டுல நடக்குறதச் சொல்றேன், உங்க வீட்டுலயும் ஏறக்குறைய இதான் நடக்கும்.

காலையில ஒண்ணும் விசேஷம் இல்ல. வாசல் கூட்டி, சாமி கும்பிட்டு, ஒட்டுக்கடையில ரொட்டி சானாய் கட்டிட்டு வந்தோ வீட்டுல தோசை ஊத்தியோ பசியாறுவோம், பின்னால ரேடியோவுல மின்னல் எஃப்எம் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஒன்பது மணிக்கு மேலதான் ஆளுங்க வர ஆரம்பிப்பாங்க. வீட்டு அஞ்சடியில (முன் தாழ்வாரம்) ஒரு மேசை, நாலு நாற்காலி போட்டு வச்சிருக்கோம். வர்றவங்க முக்காவாசி பேரு தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுனவங்க, செம்பனைக் குலை அறுத்தவங்க, தோட்டம் கைமாறி லயம் (தோட்டத்து வரிசை வீடு) இடிச்சப்புறம் தாமான்ல (வீடமைப்புப் பகுதி) வந்து குடியேறுனவங்க. கையில ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள்ள ஐசி (அடையாள அட்டை), கிளினிக் புக்கு, பிரிக்காத கடுதாசி. இப்ப எல்லாமே ஆன்லைன், எல்லாமே மலாய்ல வருது, அரசாங்கத்தோட எஸ்டிஆர் உதவித்தொகைக்கு மனு போடணும்னா, கவுண்டருக்குப் போகாட்டி போன்ல போடணும், பாஸ்வேர்ட் வேணும், நம்பர் வரும் அதைத் திரும்ப அடிக்கணும், அந்த நம்பர் வர்ற போனு ஜோகூர்ல இருக்குற மகன் கையில இருக்கும். மரத்தையும் கத்தியையும் புடிச்சே தேஞ்சு போன கை, சில பேருக்கு கட்டைவிரல் ரேகையே மிஷின்ல சரியா விழாது, கவுண்டர்ல நின்னு திரும்பத் திரும்ப அமுக்கிட்டு தலை குனிஞ்சு வெளிய வருவாங்க. அதப் பார்க்க எனக்கு மனசு தாங்காது. ஒரு தடவ ஒரு ஆயா "டீச்சர், இது என்னா கடுதாசின்னு பாருங்க, வீட்டக் காலி பண்ணச் சொல்றானுங்களா?"ன்னு நடுங்கிக்கிட்டே நீட்டுனாங்க. பார்த்தா, ஆஸ்பத்திரியில கண்ணு செக்கப்புக்கு தேதி மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான். ராத்திரி பூரா தூங்காம இருந்திருக்காங்க அந்தக் கடுதாசிய வச்சுக்கிட்டு. படிச்சுச் சொல்ல வீட்டுல ஆளு இல்ல, பிள்ளைங்கல்லாம் கேஎல், பினாங்கு, சிங்கப்பூர்.

நான் வர்ற எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, நீங்களும் உங்க வீட்டுல கேளுங்க: இபிஎஃப்ல (ஊழியர் சேமநிதி) வாரிசு பேரு போட்டாச்சா? போட்டிருந்தா ஆளு போனப்புறம் பணம் அந்தப் பேருக்கே சுலபமா போயிடும், போடாம விட்டா மனைவி பிள்ளைங்க கடுதாசிக்கு மேல கடுதாசி வச்சு அலையணும். நெறைய பேரு கல்யாணத்துக்கு முன்ன அம்மா பேரப் போட்டிருப்பாங்க, அந்த அம்மா போய் பல வருசம் ஆகியிருக்கும், மாத்தியே இருக்க மாட்டாங்க.

இன்னும் சில பேரு பழைய கூட்டுறவுச் சங்க பங்குப் பத்திரத்தக் கொண்டு வருவாங்க. அதத் தொடுறப்பவே எனக்கு என்னமோ பண்ணும். வெள்ளைக்காரக் கம்பெனிங்க தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டுப் போன காலம், தோட்டத் துண்டாடல்னு பெரியவங்க சொல்லுவாங்களே அது, அப்ப வேலையும் வீடும் ஒண்ணா போயிட்டிருந்துச்சு. 1960ல அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன், இந்த சுங்கை சிப்புட் மண்ணுல பொறந்தவரு, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு தோட்டம் தோட்டமா போயி பத்து பத்து வெள்ளியா (ரிங்கிட்) சேர்க்கச் சொன்னாரு, பாட்டாளிங்க காசுலயே தோட்டத்த வாங்குனாங்க. எங்க அம்மாவும் அப்படிக் கட்டுனவங்கதான். அப்படி வாயக்கட்டி வயித்தக்கட்டி சேர்த்த பங்கு, வாரிசுக்கு மாத்தாம பெட்டிக்குள்ள மட்கிப் போகக்கூடாது, அதனால இறப்புச் சான்றிதழ், சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), எல்லாத்தையும் தேடி எடுக்கச் சொல்லி உக்காந்து பாரம் (ஃபார்ம்) நிரப்பித் தருவேன். இது ஒரு உக்காரல்ல முடியுற வேலை இல்ல.

வீட்டுக்காரர் வேலை வேற. மில்லுல பாய்லர்னா அது மில்லுக்கே உசிரு மாதிரி. அறுத்த குலைய நாள் கணக்கா போட்டு வைக்க முடியாது, அமிலம் ஏறி எண்ணெய் கெட்டுடும், 24 மணி நேரத்துக்குள்ள வேக வச்சாகணும், அதுக்கு ஆவி வேணும், ஆவிய இவரு கொடுத்தாகணும். பழத்துல எண்ணெய் புழிஞ்சப்புறம் மிஞ்சுற நாரும் கொட்டை ஓடும்தான் பாய்லருக்கு எரிபொருள். அப்படி வருசக்கணக்கா அழுத்தத்தையும் வால்வையும் பார்த்துக்கிட்டே இருந்த மனுசனுக்கு ஒரு பம்பு சத்தம் மாறுனா தூரத்துலயே தெரியும். கோயில் தண்ணி மோட்டர், பள்ளிக்கூடத்து புல்லு மிஷின், பக்கத்து வீட்டு கேட்டு, எல்லாம் "அண்ணே கொஞ்சம் வந்து பாருங்கண்ணே"தான். இப்ப தோட்டத்துல வேலை செய்யுறது இந்தோனேசியா, வங்காளதேசத்துப் பிள்ளைங்கதான், அதுங்க மோட்டர் சைக்கிள் நின்னு போச்சுன்னா தள்ளிக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வருதுங்க. மலாய்ல பேசிக்கிட்டே ரிப்பேர் பார்ப்பாரு, நான் தேத்தண்ணி போடுவேன், ஊர்ல இருக்குற அம்மா படத்த போன்ல காட்டுவாங்க. வீட்டுக்குப் பின்னால இருக்குற தோட்டத்துக்கு பாய்லர் சாம்பலும் பழம் உதிர்த்த வெறுங்குலையும் போட்டுத்தான் மண்ணத் தேத்துனாரு. வெண்டி, முருங்கை, செராய் (எலுமிச்சைப் புல்), பண்டான், எல்லாம் நாங்க சாப்பிடுறதவிட நாலு வீட்டுக்குக் கொடுக்குறதுதான் அதிகம்.

அவரு ரொம்ப மனசு வச்சு செய்யுறது மரண சகாய சங்கத்து வேலை. சாவுன்னு போன் வந்தா, சாப்பாட்டுல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சிடுவாரு. வீட்டுல சாவு விழுந்தா முதல்ல போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லி அடக்கத்துக்கு பெர்மிட் எடுக்கணும், 7 நாளுக்குள்ள பதிவு இலாகாவுல பதியணும், இதெல்லாம் அழுதுக்கிட்டிருக்குற குடும்பத்துக்கு அந்த நேரம் புத்தியில ஏறாது. கூடாரம், நாற்காலி, உறுமி மேளம், ஐயரு, சுடுகாட்டுக்கு சொல்றது, வெளியூர்ல இருந்து பிள்ளைங்க வந்து சேர்ற வரைக்கும் இவரும் இவரு வயசு ஆளுங்களும்தான் அந்த வீட்டத் தாங்கிப் புடிக்கணும். நான் அடுப்பு பக்கம் போயிடுவேன். சங்கத்துல சின்ன வயசு ஆளு ரெண்டு மூணு பேரு இருந்தா எவ்வளவோ நல்லா இருக்கும்.

இதுக்கு நடுவுல சாயங்காலம் தாமான் பிள்ளைங்க வாசிக்க வரும். ஆண்டு 1 போகப் போற பிஞ்சுங்க. பிள்ளை கொறஞ்சா பள்ளிக்கூடம் தேஞ்சிடும், நாடு முழுக்க 500க்கு மேல தமிழ்ப்பள்ளி இருந்தாலும் தோட்டப்புறத்துல பிள்ளைங்க எண்ணிக்கை கொறஞ்சுக்கிட்டேதான் வருது, அதனால வர்ற பிள்ளைய அ ஆவோட ஆசையா அனுப்பணும்னு எனக்கு ஒரு பிடிவாதம். இதுக்கு காசு வாங்குறதில்ல.

இப்ப நீங்க கேட்டதுக்கு வர்றேன். இந்த மாதிரி பட்டணத்துல இளவட்டம் போனப்புறம் ஊரு நடக்குறதே இந்த ரிட்டையர் ஆன ஆளுங்கள வச்சுத்தான். உங்க அப்பா அம்மாவ கேஎல் கொண்டோ பிளாட்டுல பத்தாவது மாடியில உக்கார வச்சா ஏசி இருக்கும், அஸ்ட்ரோ இருக்கும், கதவத் தட்டி "அண்ணே"ன்னு கூப்பிட ஆளு இருக்காது. நாங்க மக வீட்டுல தங்குனப்ப அவரு ஜன்னல் பக்கமே நின்னுக்கிட்டிருந்தாரு, மக தங்கமா பார்த்துக்கிட்டா, ஆனா அவரு செய்யுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல.

ஆனா கஷ்டமே இல்லன்னு சொல்ல மாட்டேன், சொன்னா உங்களுக்கு உதவாது. மாத்திரை மருந்துக்கு அரசாங்க கிளினிக் இருக்கு, ஊருலயே ஆஸ்பத்திரியும் இருக்கு, ஆனா பெரிய டாக்டரப் பார்க்கணும்னா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், காரு ஓட்டுறவருக்கு கண்ணு மங்கிட்டா அப்புறம் எல்லாமே நின்னுடும். ராத்திரியில நெஞ்சு வலின்னா யாரக் கூப்பிடுறதுன்னு இப்பவே முடிவு பண்ணி நம்பர சுவத்துல ஒட்டி வைக்கணும். நடக்க முடியாமப் போச்சு, ஞாபகம் தடுமாறுதுன்னா அப்ப கூட்டிட்டுப் போறதுதான் சரி, அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

அது வரைக்கும் அவங்க வேலையில கொஞ்சத்த நீங்க வாங்கிக்குங்க. ஆன்லைன் மனு, பில்லு, அப்பாயின்மென்ட் எல்லாம் கேஎல்ல இருந்தே செய்யலாம், வீட்டுக்கு வர்ற ஆயாங்களோட பாரத்தையும் படம் புடிச்சு அனுப்பச் சொல்லி நீங்க நிரப்பலாம், என் மக இப்ப அதத்தான் செய்யுறா. ஈப்போ கிளினிக் தேதி வர்றப்ப லீவு போட்டு வாங்க, ஈடிஎஸ் ரயிலு எங்க ஊருல நிக்குது, உங்க ஊருல நிக்காட்டி பக்கத்து ஊருல நிக்குதான்னு பாருங்க. அப்புறம் சித்திரை திருவிழாவுக்கு சாமி ஊர்வலத்தன்னிக்கு மட்டும் வந்துட்டுப் போகாதீங்க, ஒரு நாள் முன்னாடியே வாங்க. அண்டா எறக்க, அரிசி மூட்டை தூக்க, கூடாரம் கட்ட, இப்ப அறுபது எழுபது வயசு ஆளுங்கதான் நிக்கிறோம்.