பிரெஞ்சு ரெஸ்டாரண்ட் டேஸ்டிங் மெனுல தட்டுக்கு இத்துனூண்டுதான் வைக்கிறாங்க, வயிறு நிறையுமா?

நிறையும், நம்புங்க. ஒவ்வொரு தட்டுலயும் மூணு நாலு வாய்தான், ஆனா அப்படி ஏழெட்டு தட்டு வரிசையா வரும், மூணு மணி நேரம் ஓடிடும், நடுவுல பிரெட்டும் வெண்ணெயும் வேற வந்துட்டே இருக்கும், அதுலயே வயித்த ரொப்பிட்டா கடைசில நல்லதெல்லாம் வரும்போது தொடக்கூட முடியாது. முதல்ல ஒரே வாய்ல போடுற மாதிரி வர்றது அம்யூஸ் பூஷ், அது செஃப் தானா அனுப்புறது. அப்புறம் காய், மீன், கறின்னு ருசி மெல்ல ஏறும். சீஸ் ஸ்வீட்டுக்கு முன்னாடி வரும், அவங்க வழக்கம் அது.

வெஜ்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, போய் உக்காந்துட்டு சொன்னா அவங்களுக்கும் கஷ்டம். பாரிஸ்ல ஆர்பேஜ்னு மூணு மிஷ்லான் ஸ்டார் (மிஷ்லான் கைடு ரெஸ்டாரண்டுக்கு குடுக்குற உச்ச மதிப்பு) வாங்கின ரெஸ்டாரண்ட், அதோட செஃப் அலன் பஸார் 2001லயே ரெட் மீட்ட தூக்கிட்டு காய்கறிய நடுவுல கொண்டு வந்தார், ஒரு ஸ்டார்கூட போகல. முழு பீட்ரூட்ட உப்புக்குள்ள புதைச்சு ஓவன்ல வேக வைப்பார், ஒரு காய்க்கு இவ்ளோ மரியாதையான்னு எனக்கு மனசு நெகிழ்ந்துடும்.

பிரான்ஸ்ல சர்வீஸ் சார்ஜ் விலையிலயே சேர்ந்திருக்கும், டிப்ஸ் கட்டாயமில்ல. ஒயினுக்கு பெரும்பாலும் தனிக்காசு, வேண்டாம்னா தயங்காம சொல்லிடுங்க.