ரா படங்களுக்குக் கலர் புரொஃபைலையும் லென்ஸ் புரொஃபைலையும் நாமே தயாரிக்க வேண்டுமா?

பத்துமலையில் எடுத்த ரா படங்களில் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் படங்கள்) காவடியின் சிவப்பு ஆரஞ்சாக மாறுகிறது, பிரிக்ஃபீல்ட்ஸ் திருமண மண்டபத்தில் தோல் நிறம் பிசகுகிறது, ஓரத்துத் தூண்கள் வளைகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல.

முதலில் காவடி. உச்சி வெயிலில் சிவப்புச் சேனல், அதாவது சிவப்பு ஒளியின் அளவு, பதியக்கூடிய உச்சத்தைத் தாண்டி நிரம்பி வழிந்திருந்தால், பச்சைச் சேனல் மட்டும் தொடர்ந்து ஏறி, சிவப்பை ஆரஞ்சுப் பக்கம் தள்ளிவிடும். அதை எந்தப் புரொஃபைலும் மீட்டுத் தராது. எனவே ராவின் ஹிஸ்டோகிராமை (ஒளி அளவுகளின் வரைபடம்) சேனல் வாரியாகப் பாருங்கள், அடுத்த முறை எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கள்.

மண்டபத்துச் சிக்கல்தான் உண்மையில் புரொஃபைல் சார்ந்தது. ரா கோப்பில் இருப்பவை வடிகட்டிகளின் வழியே சென்சார் அளந்த எண்கள். அந்த வடிகட்டிகள் நம் கண்ணைப் போல ஒளியை உணராததால், எந்த எண் எந்த நிறம் என்பதைப் புரொஃபைல்தான் மென்பொருளுக்குச் சொல்கிறது. டிசிபி எனப்படும் கேமரா நிறப் புரொஃபைல்கள் பெரும்பாலும் 2,856 கெல்வின் குண்டு பல்பு ஒளிக்கும் 6,504 கெல்வின் பகல் ஒளிக்கும் கணக்கிடப்பட்டு, இடைப்பட்ட ஒளிக்கு இரண்டையும் கலந்துகொள்கின்றன. மண்டபத்து எல்இடியின் வெப்பநிலை நடுவில் இருந்தாலும் அதன் நிறமாலை இரண்டையும் ஒத்திருப்பதில்லை என்பதால், ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்த பிறகும் தோலும் பட்டுச் சேலையின் அரக்கும் பிசகவே செய்யும். இதற்கு மட்டும் சொந்தப் புரொஃபைல் தேவை என்பேன். அதைத் தயாரிக்க, நிறங்கள் முன்பே தெரிந்த 24 கட்டக் கலர்செக்கர் அட்டையை அதே விளக்கின் கீழ், பளபளப்பு விழாமல், வெள்ளைக் கட்டம் வெளுத்துப்போகாத எக்ஸ்போஷரில், ஃபிரேமின் நடுவில் வைத்து எடுங்கள். ஓரத்தில் வைத்தால் லென்ஸின் ஓர இருட்டு கட்டங்களின் அளவைக் குறைத்துப் புரொஃபைலையே கெடுத்துவிடும்.

தூண்களின் வளைவு லென்ஸால் வருவது, அதைத் திருத்த ஆயத்த லென்ஸ் புரொஃபைலே போதும். ரா படங்களைத் திருத்தும் மென்பொருள்களான டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் லென்ஸ் புரொஃபைல்கள் அடங்கிய லென்ஸ்ஃபன் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. ராதெரபி அடோபியின் எல்சிபி என்னும் லென்ஸ் புரொஃபைல் கோப்புகளையும் படிக்கும். பழைய மேனுவல் லென்ஸ் தன் பெயரைக் கோப்பில் பதியாது என்பதால், பட்டியலில் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலிலேயே இல்லையென்றால், அடுக்குமாடியின் நேரான சன்னல் வரிசை ஓரத்தில் வரும்படி எடுத்து, ஹூகின் மென்பொருளில் வளைவை அளக்கலாம். ஜூம் லென்ஸுக்கு ஒவ்வொரு குவியத்தூரத்திலும் இதைச் செய்ய வேண்டும். ஓர இருட்டுக்கோ ஒவ்வொரு அப்பர்ச்சரிலும் தனியாக அளக்க வேண்டியிருக்கும், பொறுமையைச் சோதிக்கும் வேலை.

கீழிருந்து எடுத்த இரட்டைக் கோபுரம் பின்னால் சாய்வது லென்ஸின் குறையன்று. அது கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததன் விளைவு என்பதால், லென்ஸ் திருத்தத்தை முடித்த பின் பெர்ஸ்பெக்டிவ் திருத்தத்தில் நிமிர்த்துங்கள்.