ஜிம்மி டாக்டர் வீட்டில் இல்லை: செல்லப்பிராணியை இழந்தவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான். மனநல ஆலோசகன் இல்லை. ஆனாலும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் ஏராளம் என்பதால் பதில் சொல்ல ஒப்புக்கொண்டேன். உயிரோடு இருக்கும் பிராணிக்கு மருந்து மட்டும் கேட்காதீர்கள். நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் ஜிம்மி போன வாரம் இறந்துவிட்டது. ஆறு வயது மகனிடம் "டாக்டர் வீட்டில் இருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் கேட்கிறான். எப்போது சொல்வது?

இன்றைக்கே. முதலில் ஒரு வேண்டுகோள்: பொய்க்கு எங்களை இழுக்காதீர்கள். ஒரு பையன் கழுத்துப்பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு என் அறைக்குள் வந்தான். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான், அலமாரிக்குப் பின்னால் பார்த்தான். "எங்க வெச்சிருக்கீங்க?" என்றான். பின்னால் நின்ற அம்மா கண்ஜாடை காட்டுகிறார். நான் உண்மையைச் சொன்னேன். அவன் மூன்றே கேள்வி கேட்டான். வலிச்சுதா? இப்ப எங்க இருக்கு? நான் வாலைப் புடிச்சு இழுத்ததாலயா?

அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் உண்மையைச் சொல்லச் சொல்கிறேன். நாம் சொல்லாமல் விட்ட இடத்தைக் குழந்தை தன் தப்பால் நிரப்பிக்கொள்ளும்.

"செத்துப்போச்சு" என்றே சொல்லுங்கள். அதன் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி அதற்குப் பசிக்காது, வலிக்காது, திரும்பி வராது என்று சொல்லுங்கள். "தூங்கிடுச்சு" வேண்டாம், அன்று இரவே படுக்கப் பயப்படும் குழந்தைகள் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் சாவு நிரந்தரம் என்பது முழுசாகப் புரியாது. நாளைக்கும் "எப்ப வரும்?" என்று கேட்கும். அலுக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். நீங்கள் அழுவதைப் பார்த்தாலும் பரவாயில்லை. இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால், எங்களுக்கும் சொல்ல மனசு வரவில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினான்கு வயதுப் பூனை. சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்து மூன்றாம் வாரமே இறந்தது. முன்பே கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று மனைவி தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சிறுநீரகத்துக்குக் கையிருப்பு அதிகம். ஏறக்குறைய முக்கால்வாசி வேலைத்திறன் போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு எல்லையைத் தாண்டும். அதுவரை பூனை சாப்பிடும், ஜன்னலில் ஏறும், உங்கள் மடியில் படுக்கும். கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, பூனை நோயை மறைக்கும் பிராணி. நாங்களே கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, பரிசோதனை முடிவைக் கண்டு திகைப்பதுண்டு.

நாய்களிலும் இப்படி ஒன்று உண்டு. மண்ணீரலில் ரத்தநாளப் புற்றுக்கட்டி வளர்வது வெளியே தெரியாது. காலையில் பந்து விளையாடிய நாய், கட்டி வெடித்து மாலையில் சரிந்து விழும். கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்பவர்கள் இதை அதிகம் பார்த்திருப்பார்கள். நேற்றே தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது.

கேள்வி: என் நாய் மூன்று நாளாக வாந்தி எடுக்கிறது. என்ன கொடுக்கலாம்?

பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் இப்போதே கொண்டு போங்கள்.

கேள்வி: டாக்டர், என் கதை வேறு. பூனைக்குக் காய்ச்சல் என்று நானே பாராசிட்டமால் கொடுத்தேன். மறுநாள் இறந்துவிட்டது. எல்லோரும் "உன் தப்பில்லை" என்கிறார்கள். அது உண்மையா?

இல்லை. அந்த மாத்திரைதான் கொன்றிருக்கும். உங்களுக்கே தெரியும், அதனால்தான் கேட்கிறீர்கள்.

அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்ற மனிதக் கல்லீரலுக்கு இருக்கும் வசதி பூனையின் கல்லீரலுக்குக் கிட்டத்தட்ட இல்லை. நச்சு தங்கி, ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு இரைக்கும். ஒரே ஒரு மாத்திரை போதும்.

இப்போது மிச்ச உண்மை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கொடுக்கும் மாத்திரையைத்தான் கொடுத்தீர்கள். பூனைக்கு ஆகாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கைதவறிக் கதவைத் திறந்து விட்டவர், வண்டியைப் பின்னால் எடுத்தவர் எல்லோரும் இந்த வரிசைதான். "தப்பே இல்லை" என்று சொன்னால் இவர்கள் யாரும் நம்புவதில்லை, அதோடு பேச்சையும் நிறுத்திவிடுகிறார்கள். நடந்தது என்ன என்று ஒரு மருத்துவரிடம் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். தெரியாமல் செய்தது தெரியாமல் செய்ததாகவே இருக்கும். அது கொடுமையாக மாறாது.

மற்றவர்களுக்கு: மனித மருந்து எதையும் பூனைக்கோ நாய்க்கோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். இபுபுரூஃபனும் கூடாது. நாய்க்கு உண்ணி விழ ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷம்.

கேள்வி: அலுவலகத்தில் ஒருநாள் விடுப்பு கேட்டேன். "வெறும் நாய்தானே" என்று மேலாளர் சிரித்துவிட்டார்.

ஜெர்மனியில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914-இல் ஒரு புதைகுழியைக் கண்டெடுத்தார்கள். சுமார் 14,000 ஆண்டுப் பழையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அந்தக் குட்டியின் பற்களைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அதற்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் வந்திருக்கிறது, வாரக்கணக்கில் யாரோ பார்த்துக்கொண்டதால்தான் ஏழு மாதம் வரையாவது இருந்திருக்கிறது என்றார்கள். வேட்டைக்கு உதவாத நோயாளிக் குட்டி! உங்கள் மேலாளரிடம் சொல்லிப் பயனில்லை, உங்கள் ஆறுதலுக்குச் சொன்னேன்.

சுற்றியிருப்பவர்கள் துக்கமென்றே ஒத்துக்கொள்ளாத துக்கங்கள் உண்டு என்று துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோகா 1989-இலேயே எழுதிவிட்டார். உங்களுடையது அந்த வகை.

கேள்வி: எத்தனை நாளில் சரியாகும்?

நாள் கணக்கு கிடையாது. அலை மாதிரி வரும், போகும். தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் இன்றைக்கே பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டாமே? நான் இன்னும் கோபத்திலேயே நிற்கிறேன். எப்போது அடுத்த கட்டம்?

மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அந்த ஐந்தையும் சொன்னது, சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. துக்கத்துக்கு அது கால அட்டவணை இல்லை. நீங்கள் எந்த நிலையத்திலும் மாட்டிக்கொள்ளவில்லை.

கேள்வி: இரண்டு நாய்களில் ஒன்று போய்விட்டது. மற்றது வாசலிலேயே படுத்திருக்கிறது. அதற்கும் துக்கமா?

இத்தாலியில் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2022-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலோர் மிஞ்சிய நாயிடம் மாற்றம் கண்டதாகச் சொன்னார்கள். விளையாட்டு குறைகிறது, சாப்பாடு குறைகிறது, ஆளையே ஒட்டிக்கொண்டு திரிகிறது. வீட்டாரின் சோகம் நாயைத் தொற்றுகிறதா, அதற்கே உள்ள துக்கமா என்பதைப் பிரித்தறிவது கஷ்டம். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதே நேரத்துச் சாப்பாடு, அதே நேரத்து நடை.

மிஞ்சியது பூனையென்றால் கவனம். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் துக்கம் என்று காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும், குண்டுப் பூனையென்றால் இன்னும் வேகமாக.

கேள்வி: என் பூனை இறந்து இரண்டு மாதம். எத்தனை நாளில்...

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ரோஸியின் தோல் திசுவைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். குளோனிங் செய்தால் ரோஸியே திரும்பக் கிடைக்குமா? வீட்டில் இதனால் மனைவியோடு பெரிய சண்டை.

கிடைக்காது. ஆனால் நல்ல கேள்வி, விரிவாகச் சொல்கிறேன்.

உலகின் முதல் குளோன் பூனை 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்தது. பெயர் சிசி. மரபணு கொடுத்த ரெயின்போ மூன்று நிறப் பூனை. சிசியின் உடம்பில் ஆரஞ்சு நிறமே இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்துவிடும். எது அணையும் என்பது கருவிலேயே குருட்டாம்போக்கில் முடிவாகிறது. ஆரஞ்சு நிறம் அந்தக் குரோமோசோமில் இருக்கிறது. ஒரே மரபணு, வேறு பூனை! தோலின் நிறமே இப்படி மாறும்போது, சாவிச் சத்தம் கேட்டு ஓடி வருகிற குணத்தை எந்தத் திசுவில் தேடுவது?

அதே நபர்: அது பழைய கதை டாக்டர். இப்போது தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது. என் நாய், என் விருப்பம்.

முன்னேறியிருக்கிறது, மறுக்கவில்லை. முதல் குளோன் நாய் ஸ்னப்பி 2005-இல் தென்கொரியாவில் பிறந்தபோது, 1,095 கருக்களை 123 பெண் நாய்களுக்குள் வைத்தார்கள். பிறந்தவை இரண்டு, அதில் ஒன்று 22 நாளில் நிமோனியாவில் செத்தது. இன்று அவ்வளவு தேவைப்படாது. ஆனால் கருமுட்டை தர ஒரு நாய், சுமக்க ஒரு நாய் இன்றும் வேண்டும். நாயின் கருமுட்டை முதிர்ச்சி அடையாமலே வெளிவரும், உடம்புக்குள்தான் முதிரும். ஆகவே அறுவைசிகிச்சை செய்துதான் எடுக்கிறார்கள். அந்த நாய்களுக்கும் உங்கள் ரோஸிக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொருவர்: இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இறந்தால், மற்றவனை இறந்தவன் பெயர் சொல்லியா கூப்பிடுவோம்? இவருக்கு அதுகூடப் புரியவில்லையே.

உதாரணம் சரி, தொனி சரியில்லை. அவர் நாயை இழந்தவர்.

ரோஸியை வளர்த்தவர்: நான் மாறப்போவதில்லை. செய்யத்தான் போகிறேன்.

சரி, நான் தடுக்க முடியாது. பிறக்கும் குட்டிக்கு ரோஸி என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். "ரோஸி இப்படிச் செய்யாதே" என்று ஆயுசு முழுக்கத் திட்டு வாங்கும், பாவம். அப்புறம் வீட்டுச் சண்டை பற்றிச் சொன்னீர்கள். மனைவி மறுப்பது குளோனிங்கையா, இல்லை அவர் இன்னும் அழுது முடிக்கவில்லையா? அதைக் கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள். குளோனிங் பேச்சு போதும், வரிசையில் பலர் இருக்கிறார்கள்.

கேள்வி: நாளைக்கு எங்கள் நாயைக் கருணைக்கொலை செய்கிறோம். பக்கத்தில் இருக்கத் தைரியம் இல்லை. என்ன நடக்கும்?

வழக்கமாக முதலில் அமைதிப்படுத்தும் ஊசி. பிறகு ரத்தக்குழாய் வழியாக அளவுக்கு மீறிய மயக்க மருந்து. நினைவு சில வினாடிகளில் போய்விடும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு போங்கள்: கண் மூடாது. இறந்த பிறகு ஓரிரு பெரிய மூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். அதெல்லாம் உணர்வு இல்லாத உடம்பின் அசைவு. சொல்லாமல் விட்டால் அந்தக் காட்சி ஆளைத் துரத்தும்.

இருக்க முடிந்தால் இருங்கள். முடியாவிட்டால் மயங்கும்வரையாவது தலையைத் தடவுங்கள். வேறு யாராவது பழகியவர் நிற்கட்டும். அதற்காக உங்களை யாரும் குறைசொல்லக் கூடாது. புதைப்பதானால் ஆழமாகப் புதையுங்கள். அந்த மருந்து உடலில் நெடுநாள் தங்கும், தோண்டித் தின்கிற பிராணியும் சாகும்.

கேள்வி: மிச்சமான மருந்துகளை அடுத்த நாய்க்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: என் நாய் இறந்து மூன்று மாதம். எப்போது சரி...

நண்பரே, மேலே.

கேள்வி: எங்கள் குட்டி பார்வோவில் போய்ப் பத்து நாள். பிள்ளைகள் அழுகையை நிறுத்தவில்லை. நாளைக்குப் புதுக் குட்டி வருகிறது. சரிதானே?

சரியில்லை. துக்கம் ஆறட்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, வைரஸுக்காகச் சொல்கிறேன். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், நிழலான இடத்தில் ஒரு வருஷம் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது. தரையை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிஷம் ஈரமாக விட வேண்டும். மண்ணுக்கு அந்த வழியும் இல்லை. படுக்கை, தட்டு, பட்டை எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். பழசை ஞாபகமாக வைத்துப் புதுக் குட்டிக்குக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

குட்டிக்குப் பதினாறு வார வயது வரை தொடர் தடுப்பூசி முடிய வேண்டும். அதற்கப்புறம் ஒன்றிரண்டு வாரம் கழித்து அழைத்து வாருங்கள். இல்லையென்றால் தடுப்பூசி எல்லாம் போட்ட வளர்ந்த நாயாக எடுங்கள். நாளைக்கு வர வேண்டாம் என்று கொடுப்பவருக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஏன் என்று பிள்ளைகளிடமும் சொல்லுங்கள், குட்டிக்கு டாக்டர் இன்னும் ஊசி போடவில்லை என்று. இந்த ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம், ஏனென்றால் இது உண்மை.